ஆறுதலுக்கு முன் ஒரு ‘மாட்டேன்’

1889ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு கூடிய சமயத்தில், ‘தி இந்து’, ‘சுதேசமித்திரன்’ ஆகிய இதழ்களின் நிறுவனர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறுவயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு அந்நகரில் மறுமணம் செய்துவைத்தார். சென்னையில் அவருக்கு வீடு இருந்தது, செல்வாக்கு இருந்தது, கையில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. இருந்தும் சொந்த மகளின் கல்யாணத்தை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நடத்த வேண்டியிருந்தது. திரும்பி வந்தவரை உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறி அப்போதே 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏட்டில் அனுமதி இருந்தது, தெருவில் இல்லை. இந்த இடைவெளியில்தான், அடிபட்ட மனம் ஒன்று மறுபடியும் அன்பை நம்பிப் பார்க்கும் கதை தமிழில் பிறந்தது என்று நினைக்கிறேன். இன்று வாடகை நூல் நிலையங்களிலும் ரயில் நிலையக் கடைகளிலும் அட்டை கிழியக் கிழியப் படிக்கப்படும் காதல் நாவலின் வேர் அங்கே இருக்கிறது. இந்த வகைக் கதையைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. காதல் புண்ணை ஆற்றியது என்று வாசகர் நம்பும்படி எழுத, நாயகிக்கு முதலில் ‘மாட்டேன்’ என்று சொல்லும் வழி இருக்க வேண்டியிருந்தது. அந்த வழி அகல அகலத்தான் ஆறுதலின் கதையும் வளர்ந்தது.

தமிழில் ‘ஆறு’ என்ற வினைக்குப் பொருள் பல. சூடான பால் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, பசி ஆறுகிறது, புண் ஆறுகிறது. இழவு வீட்டுக்குப் போய் நாம் சொல்லும் சொல்லுக்குப் பெயரும் ஆறுதல்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது நேரம். ஆற்ற முடியும், விசிறலாம், கலக்கிவிடலாம், ஆனால் அவசரப்படுத்த முடியாது. வள்ளுவரும் தீ சுட்டதை ஆறக்கூடிய புண் என்றார், நாக்கு சுட்டதை ஆறாத வடு என்றார். நாம் இங்கே பேசும் கதைகள் அவர் ஆறாது என்று சொன்ன அந்த இரண்டாவது வகையைப் பற்றியவை. ஆறாததை ஆற்ற முயல்பவை. அதனாலேயே அவற்றில் மிகுந்த பொறுமையும் சில சமயம் மிகுந்த பொய்யும் கலந்திருக்கின்றன.

காதல் தரும் நோயைக் காதலே தீர்க்கும் என்பது நம்மிடம் பழைய எண்ணம். அகப்பாடல்களில் பிரிவால் பசலை படரும், வளை கழலும், உணவு செல்லாது. மருத்துவம் ஒன்றே: போனவன் திரும்பி வருவது. நோய் தந்தவனும் மருந்தானவனும் ஒரே ஆள். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனிடம் ஊடலாம், வாயில் மறுக்கலாம், ஆனால் அந்த மறுப்புக்கு எல்லை உண்டு. கடைசியில் கதவு திறந்தே தீர வேண்டும். கண்ணகி அதுகூடச் செய்யவில்லை. மாதவியிடமிருந்து எல்லாம் இழந்து வந்தவனிடம் சிலம்பைக் கொடுத்தாள். அவளுடைய காயத்தைப் பற்றி அவன் கேட்க நேரமே இல்லாமல் மதுரைப் பயணம் தொடங்கிவிடுகிறது. அவன் செத்துப்போய்விட்டாலோ மருந்தே கிடையாது. புறநானூற்றில் பூதப்பாண்டியனின் தேவி கைம்மை நோன்பின் சோற்றைவிட ஈமத்தீயே மேல் என்று நின்றவள். இந்த மரபின் கவித்துவத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண் ஒருவனால் காயப்பட்டு இன்னொருவனால், அல்லது எவனும் இல்லாமல், தேறி எழுந்த கதைக்கு அதில் இடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் உரைநடை நாவல் வந்தபோது அந்த இடத்தைப் புதிதாக வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முதல் வெட்டு அ. மாதவையாவுடையது. உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் வேலை பார்த்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிப் பெயர் பெற்றவர். 1890களின் தொடக்கத்தில் ‘விவேகசிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரை அவர் எழுதத் தொடங்கினார். அது பாதியிலேயே நின்றது. அந்தக் கதையையே முழுமையாக்கி 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். குழந்தையாக மணமுடிக்கப்பட்டு, மாமியார் வீட்டில் அல்லல்பட்டு, கணவனை இழந்து, பிறகு மறுமணம் செய்துகொள்ளும் ஒரு பிராமணப் பெண்ணின் கதை அது. கதையைச் சொல்பவள் அவளே, தன்வரலாறாகச் சொல்கிறாள். ஓர் ஆண் எழுத்தாளர் பெண்குரலை எடுத்துக்கொண்டார் என்று இன்று ஒருவர் குறை சொல்லலாம். நான் அந்த ‘நான்’ என்ற சொல்லையே இந்த நாவலின் பெரிய துணிச்சலாகக் கருதுகிறேன். அதுவரை விதவையைப் பற்றிச் சபைகளில் பேசியவர்கள் வக்கீல்கள், சாஸ்திரிகள், சீர்திருத்தக்காரர்கள். அவள் பேசப்பட்டாள், பேசவில்லை. தன் துயரத்தை வரிசையாகத் தானே எடுத்துச் சொல்லும் ஒருத்தியைப் படிக்கும்போது வாசகர் அவளுடைய அடுத்த சம்மதத்தையும் அவளிடமிருந்தே எதிர்பார்க்கத் தொடங்குகிறார். தகப்பன் கைபிடித்துக் கொடுப்பதோடு முடிந்த கல்யாணம், முதல்முறையாக அவள் தலையசைப்புக்குக் காத்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சட்டம் 1856இல் வந்துவிட்டது, நாவல் 1903இல்தான் வருகிறது, 47 வருடம் கழித்து வந்த கதைக்கும் சட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தையே திறந்து பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடும். மறுமணம் செல்லும் என்று சொன்ன அதே சட்டம், மறுமணம் செய்துகொள்பவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் சொன்னது. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் தட்டைப் பிடுங்கியது. வெறும் அனுமதி யாரையும் நடக்க வைக்காது. நடப்பவளைக் கண்ணால் கண்டாக வேண்டும். 1881இல் ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் நடத்திவைத்த விதவை மணமும், 1889இல் பம்பாயில் நடந்த மணமும் அப்படிக் கண்ணால் கண்ட சாட்சிகள். பாரதியாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1921இல் அவர் மறைந்தபோது முடியாமல் கிடந்த ‘சந்திரிகையின் கதை’யில் மறுமணத்தை நாடும் இளம் விதவை விசாலாட்சியை அனுப்பி வைப்பது வீரேசலிங்கத்திடமும் சுப்பிரமணிய ஐயரிடமும்தான். உண்மை மனிதர்கள் பெயரோடும் வீட்டோடும் கற்பனைக்குள் வந்து உட்காருகிறார்கள். கதையின் நாயகிக்குப் போக ஒரு வாசல் உண்டு என்று வாசகர் நம்ப அவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த நாவல் முற்றுப்பெறாதது தமிழுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து எதிர்த்திசையில் ஒரு குரல் வந்தது. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’, ஈழத்தில் ஒரு பெண் எழுதிய முதல் தமிழ் நாவலாகப் பேசப்படுவது. தலைப்பு தமிழ் வேதாகமத்தின் சங்கீதத்திலிருந்து எடுத்தது. மணவாழ்வில் மனம் உடையும் மனைவியின் துன்பத்தையும், அதை அவள் கிறிஸ்தவப் பொறுமையால் தாங்குவதையும் சொல்வது. ஆண்கள் எழுதிய சீர்திருத்தக் கதைகளில் கொடுமை மாமியாரிடமிருந்தும் சாஸ்திரத்திடமிருந்தும் வந்தது. இந்தப் பெண்ணின் நாவலில் அது கணவனிடமிருந்து வந்தது. காயத்தின் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டியவர் மங்களநாயகம்தான். ஆனால் அவர் கையில் இருந்த மருந்து பொறுமையும் ஜெபமும் மட்டுமே. பிரிந்து போகும் வழி அவர் நாயகிக்குக் கிடையாது. காயத்தை இவ்வளவு நேராகப் பார்த்த ஒருவர் தீர்வில் தயங்கியதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. மனைவி எழுந்து போனால் அவள் எங்கே நிற்பாள் என்று காட்ட அவர் காலத்து உலகில் தரையே இல்லை.

தமிழ்நாட்டில் வை.மு. கோதைநாயகி அம்மாள் இந்தக் குறையை வேறுவிதமாகக் கடந்தார். ஐந்தரை வயதில் மணமானவர். தொடக்கத்தில் தாமே எழுத வராமல், தோழி எழுதக் கதை சொன்னவர். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி 115 நாவல்கள் எழுதியவர். அவருடைய கதைகளில் துப்பறிதலும் உபதேசமும் காதலும் கலந்து வரும். இலக்கிய விமர்சகர்கள் அவரை அதிகம் மதித்ததில்லை. என் பார்வையில் அவருடைய பங்கு கதைகளில் இருப்பதைவிட வாசகிகளில் இருக்கிறது. மாதாமாதம் இதழுக்குக் காத்திருந்து, ஒரு பெண் எழுதியதைப் படித்து, இன்னொரு பெண்ணுக்குக் கைமாற்றிய கூட்டத்தை அவர் உருவாக்கினார். பின்னால் வந்த ஒவ்வொரு காதல் நாவலும் அவர் போட்ட அந்தப் பாயில்தான் உட்கார்ந்தது.

நாயகி தெளிவாக ‘மாட்டேன்’ என்று சொல்லும் இடம், எனக்குத் தெரிந்தவரை, ‘தியாக பூமி’யில் வருகிறது. கல்கி அதை ஆனந்த விகடனில் தொடராக எழுத, கே. சுப்பிரமணியம் படமாக எடுக்க, 1939இல் இரண்டும் மக்களிடம் ஒன்றாகப் பரவின. சாவித்திரியைக் கணவன் ஸ்ரீதரன் கல்கத்தாவில் அவமதித்துத் துரத்துகிறான். கர்ப்பிணியாக அலைந்தவள், குழந்தையைத் தன் தகப்பனாரிடம் சேர்த்துவிட்டுப் பம்பாய் போய், செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்புகிறாள். பணத்தைக் கண்டதும் அவன் மனைவி வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவளோ சேர்ந்து வாழ மறுத்து, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் கொடுக்கிறேன் என்கிறாள். இது வெறும் திரைக்கதைச் சாமர்த்தியமில்லை. 1880களில் பம்பாயில் ருக்மாபாய் சிறுவயதில் தன்னை மணந்த கணவனோடு வாழ மறுத்து, அதற்காகச் சிறை செல்லவும் தயார் என்று நின்றார். 1888இல் கணவனுக்குப் பணம் கொடுத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. சாவித்திரியின் ஜீவனாம்சத்துக்கு அடியில் அந்தப் பழைய வழக்கின் வெளிச்சம் இருப்பதாகவே படுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்ரீதரன் பிறகு திருந்துகிறான், இருவரும் விடுதலைப் போரில் இறங்குகிறார்கள். கல்கி அவர்களைத் தேசத்தின் பேரால் சேர்த்துவைத்தார். ஆனால் அந்தச் சேர்க்கை கண்ணகியின் மௌன மன்னிப்பைப்போல் இல்லை. ஒருமுறை வெளிப்படையாக மறுக்கப்பட்டவன் திருந்தி வருகிறான். மறுத்தவள் நிமிர்ந்து நின்று பார்க்கிறாள். அதே பழைய ‘அவனே மருந்து’ கதைதான், ஆனால் மருந்தின் அளவைத் தீர்மானிப்பவள் மாறிவிட்டாள்.

சாவித்திரி அப்படி நின்றபோது அவளுக்குத் துணையாகச் சட்டம் ஒன்றும் இல்லை. தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை இந்துப் பெண்ணுக்குத் தந்த சட்டம் 1946இல்தான் வந்தது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கையும் அனுமதித்துத் தனிச்சட்டம் செய்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது. அப்போது மணமாகி மூன்று ஆண்டுகள் கழியாமல் மணவிலக்கு மனு போட முடியாது. 1976 திருத்தம் அந்த மூன்றை ஒன்றாகக் குறைத்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழியையும் அதுதான் தந்தது. கோர்ட்டுப் படி ஏறிய பெண்கள் எத்தனை பேர், சட்டப் புத்தகத்துக்கும் கதைப் புத்தகத்துக்கும் முடிச்சுப் போடுவது மிகையில்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நாவல் எழுதுபவருக்குக் கோர்ட்டுக்குப் போனவர்களின் எண்ணிக்கை தேவையில்லை. போக முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். கதவு பூட்டியிருக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவளின் அன்பும், கதவு திறந்திருக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவளின் அன்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். கதை சொல்பவருக்கு அவை இரண்டு வேறு கதைகள்.

பூட்டிய கதவின் கதையை ஜெயகாந்தனைப்போல் யாரும் எழுதவில்லை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் ஒருவன் காரில் ஏற்றிப்போய்க் கெடுத்துவிட்ட மாணவியை அவள் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக்கிவிடுகிறாள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நடந்தது உன் குற்றமில்லை என்ற ஒரு தாயின் முடிவு அது. உளவியல் மருத்துவர்கள் இன்று சொல்லும் முதல் விஷயமும் அதுதான்: அவளை நம்பு, அவள் மேல் பழி போடாதே. தமிழ் வாசகர்களில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரைத் தாங்கமாட்டாமல் கொதித்தது, எதிர்ப்பு குவிந்தது, முடிவை மாற்றி எழுதிக் காட்டினவர்களும் உண்டு. ஜெயகாந்தன் அவர்களுக்குத் தந்த பதில் தினமணி கதிரில் தொடராக வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் தாய் கத்திவிடுகிறாள், தெரு தெரிந்துகொள்கிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான், அந்த மாணவி கங்கா வெங்கு மாமாவின் தயவில் படித்து உத்தியோகத்துக்கு வருகிறாள். தயவு காட்டும் அந்த மாமாவே சட்டம் படித்த வக்கீல், தர்மம் பேசுபவர், அவள் மேல் ஆசைப்படுபவர். அவளுக்கு இனி ஒரே நியாயமான வழி, கெடுத்தவனையே தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்வதுதான் என்று சொல்பவரும் அவரே.

அந்த வெங்கு மாமாவின் வாதம் அகமரபின் ‘நோய் தந்தவனே மருந்து’ என்பதன் அழுகிய வடிவம் என்று நான் சொல்வேன். கங்கா அதை எடுத்து வேறாக்குகிறாள். தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள், ஆனால் மனைவியாவதற்கில்லை. பன்னிரண்டு வருடமாகத் தன் வாழ்வை ஆட்டிவைத்த மனிதன் யார் என்று பார்க்க. அவர்களுக்கிடையே வளரும் நெருக்கத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது, காதல் என்றால் மிகை, நட்பு என்றால் குறை. அவன் தன் குற்றத்தை உணர்ந்து நொறுங்குகிறான். அவள் முதல்முறையாக ஒருவரிடம் உண்மை பேசுகிறாள். பிறகு அவன் விலகிப்போக, அவள் குடிக்கப் பழகுகிறாள். 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல் காதல் நாவலின் எல்லா உறுப்புகளையும் வைத்துக்கொண்டு ஆறுதலை மட்டும் தர மறுக்கிறது. ஏன்? கங்காவுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, தனி வீடு இருக்கிறது, எல்லோரிடமும் மறுப்புச் சொல்லும் துணிவும் இருக்கிறது. ஆனால் அவள் மறுப்பைக் கேட்டு அதோடு நின்றுகொள்ளும் ஓர் உலகம் இல்லை. மறுப்பது போதாது, மறுப்பு செல்லுபடியாக வேண்டும் என்பதை இந்த நாவல் வலியோடு காட்டுகிறது.

அனுராதா ரமணனின் ‘சிறை’ இதே முடிச்சை இன்னும் இறுக்கியது. 1984இல் ஆர்.சி. சக்தி இயக்கத்தில் படமாகவும் வந்தது. தன்னைக் கெடுத்த அந்தோணிசாமியின் வீட்டுக்கே பாகீரதி வந்து சேர்கிறாள், கோயில் அர்ச்சகரான கணவன் அவளைக் கைவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான் என்பதால். அந்தோணி மெல்ல மாறுகிறான், எல்லை தாண்டாமல் காவலாக இருக்கிறான், இறந்தும் போகிறான். பிறகு வந்து அழைக்கும் கணவனைப் புறக்கணித்து, அந்தோணியின் விதவையாக வாழ்வதை அவள் தேர்ந்தெடுக்கிறாள். இந்தக் கதையை எப்போதும் சங்கடத்தோடுதான் அணுகுகிறேன். கொடுமை செய்தவன் திருந்துவதில் கதைக்கு இருக்கும் அக்கறை, கொடுமைக்கு ஆளானவளின் உடம்புக்குள் நடந்ததில் இல்லை. அதே சமயம், கட்டியவன் கைவிட்டான், கெடுத்தவன் சோறு போட்டான் என்று ஒரு பெண் கணக்குப் பார்த்து, தாலியைவிட அந்தச் சோற்றுக்கு மதிப்புக் கொடுத்ததில் இருக்கும் கோபம் உண்மையானது. சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ கோபத்தை நேராகவே வைத்தது. ஏற்கெனவே மனைவி உள்ளவன் என்று தெரியாமல் மணந்து பாரிஸ் போய்த் தப்பி வந்த வைசாலியிடம், கே. பாலசந்தரின் 1981 படத்தில், ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறார்கள். அவள் அந்தக் கேள்வியின் மேலேயே சீறுகிறாள். மறுமணத்துக்காகப் போராடி நுழைந்த கதைமரபு, நூறு வருடத்துக்குள் மறுமணம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே உரிமைதான்.

ஆறுதல் நிஜமாகவே கிட்டும் கதைக்கு ‘மௌன ராகம்’ சரியான சாட்சி. 1986இல் வந்த மணிரத்னத்தின் இந்தப் படத்தில் காதலன் மனோகர் சுடப்பட்டு இறந்ததை மனத்தில் சுமந்தபடி, வீட்டாருக்காகச் சந்திரகுமாரை மணந்து டெல்லிக்குப் போகிறாள் திவ்யா. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் அவள் விவாகரத்துக் கேட்கிறாள். வக்கீல் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறார். கதையின் காலம் முழுவதும் அந்த ஒரு வருடம்தான். 1976க்கு முந்தைய சட்டத்தில் அது மூன்று வருடமாக இருந்திருக்கும், 1955க்கு முன்னால் வக்கீல் அறைக்காட்சியே வேறு மாதிரி இருந்திருக்கும். பிரிவதற்கென்று குறித்த அவகாசம் பழகுவதற்கான அவகாசமாக மாறுகிறது. அவளை அவன் தொடுவதில்லை, துரிதப்படுத்துவதில்லை, இறந்தவனை மறக்கச் சொல்வதில்லை. கடைசியில் ரயில் நிலையத்தில் அவள் கேட்ட காகிதத்தையே அவள் கையில் கொடுக்கிறான், அவள் அதைக் கிழிக்கிறாள். கிழிப்பதற்கு ஒரு காகிதம் கையில் இருந்ததால்தான் அந்த அன்புக்கு அர்த்தம். அவள் தங்குவது தங்க வேண்டியிருப்பதால் இல்லை.

இதே அவகாசத்தைத்தான் ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 1969இல் ‘ராணி முத்து’ போன்ற மாத நாவல்கள் குறைந்த விலையில் பரவத் தொடங்கியபின், பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் அலுவலகம் போகும் பெண்கள் என்ற புதிய வாசகர் கூட்டம் தமிழுக்கு உருவாகியிருந்தது. அவருடைய நாயகிகள் பெரும்பாலும் பெற்றோரை இழந்தவர்கள், உறவினர் வீட்டில் சொல் கேட்டு வளர்ந்தவர்கள், அல்லது சந்தேகத்தால் காயப்பட்டவர்கள். அவர்களுக்கு ரோஷம் அதிகம். கை நீட்டி உதவி வாங்கமாட்டார்கள். நாயகன் அவர்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறான், பிறகு புரிந்துகொள்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். இதெல்லாம் மில்ஸ் அண்ட் பூனின் தமிழ் நகல் என்பது பழகிப்போன குற்றச்சாட்டு. பணக்கார, முன்கோபி நாயகன் அங்கிருந்து வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் அந்தப் பதிப்பகம் தொடங்கியதே 1908இல்தான், காதல் நாவலையே தொழிலாக்கிக்கொண்டது 1930களில். முத்துமீனாட்சி அதற்கு முன்பே அழுது, பேசி, மறுமணமும் செய்துகொண்டுவிட்டாள். ஆங்கில நாவலில் நாயகியின் காயம் பெரும்பாலும் பழைய காதலன் தந்தது. தமிழ் நாவலில் அது வீடு தந்தது. சித்தி, அத்தை, மாமியார், சந்தேகப்படும் கணவன், ஊர்வாய் என்று நம் நாயகியின் எதிரிகள் கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். நகல் என்றால் இந்த எதிரிகள் எங்கிருந்து வந்தார்கள்?

இன்னும் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. காயத்தைத் திருமணம் ஆற்றும் என்று பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, காயம் தரும் அமைப்பையே இந்த நாவல்கள் காப்பாற்றுகின்றன என்பது. இதில் உண்மை கணிசமாக இருக்கிறது. சந்தேகித்துச் சொல்லால் சுட்டவனே கடைசிப் பக்கத்தில் மார்போடு அணைத்துக்கொள்ளும்போது, சுட்டதை அன்பின் ஒரு வகையாக வாசகி எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அண்மைக்காலத்தில் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று பெயர் சூட்டி, அடிப்பவனையும் கடத்துபவனையும் நாயகனாக்கும் கதைகளில் அந்த ஆபத்து முழுதாக வளர்ந்து நிற்கிறது. அவற்றை நான் இந்த மரபின் தொடர்ச்சியாகப் பார்க்கவில்லை, வெங்கு மாமாவின் வாதம் திரும்பி வந்ததாகவே பார்க்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. ரமணிசந்திரனின் நாயகி அடி வாங்கிக்கொண்டு காத்திருப்பவளில்லை, தன்மானத்துக்குப் பங்கம் வந்தால் பெட்டியை எடுக்கத் தெரிந்தவள். நாயகன் மன்னிப்புக் கேட்கும் காட்சியை அந்த வாசகிகள் ஏன் அவ்வளவு ஆசையோடு படித்தார்கள் என்று யோசிக்க வேண்டும். மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் ஆணைச் சொந்த வீட்டில் பார்த்திராதவர்கள் பலர். அந்தப் பக்கத்துக்காகவே முந்நூறு பக்கம் படிக்கலாம். அதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட, அது நியாயமான பசி என்று ஒப்புக்கொள்ளலாம்.

விதவைக்கு மொட்டையடிப்பதும் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதும் பழைய காலத்து விஷயங்கள், இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்பவர்களும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிறுமியாக இருந்தவளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கித் தண்டனை பெற்றிருந்த ஒருவனுக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. அவளுக்கு அதற்குள் ஒரு குழந்தை இருந்தது, ஆகவே சுமுகமாக முடியட்டும் என்பது எண்ணம். ஜூலை முதல் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. அடுத்த சில நாட்களில் உயர் நீதிமன்றமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. வெங்கு மாமா நாவலுக்கு வெளியே, 45 ஆண்டுகளுக்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் இன்னொன்று நடந்தது. செய்தியாளர்கள் அந்தப் பெண்ணைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அவனோடு பேச விருப்பமில்லை என்று அவள் சொன்னாள்.